கணினிக்கும் ஒரு லாக் புக் வேண்டும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அலுவலகங்களில் ஒரு மென்பொருள் கணினியில் ஏற மறுத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். திரையில் வரும் ஆங்கில வாசகத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. 'ஓகே'யை அழுத்தி மூடிவிட்டு மறுபடி முயல்கிறார்கள். நாலைந்து தடவை ஆனதும் ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், எடுத்திருப்பவருக்குப் போன் போகிறது. அவர் அன்றோ மறுநாளோ வருகிறார், அல்லது எனிடெஸ்க் வழியாகவே உள்ளே நுழைகிறார், சற்று நேரம் துழாவுகிறார், கடைசியில் "பார்மட் போட்டுடலாம் சார்" என்கிறார். சிஸ்டம் புதிதாகிறது, மென்பொருள் ஏறுகிறது, சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் ஆகிறது. முதலில் ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு மட்டும் எங்கும் பதில் இல்லை. வட்டை அழிக்கும்போது பழுதோடு அதன் காரணமும் அழிந்துவிடுகிறது; அதே காரணம் மூன்று மாதம் கழித்துப் பக்கத்து மேசைக் கணினியில் தலைகாட்டும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. இதை ஊழியர்களின் சோம்பல் என்றோ இன்ஜினியரின் அரைகுறை வேலை என்றோ சொல்லிவிட்டுப் போவது எளிது. என் பார்வையில் இது பதிவேடு இல்லாததால் வந்த பழக்கம். அரசு ஜீப் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் லாக் புக்கில் கணக்கு எழுதுகிற நிர்வாகம், பட்டாவும் சாதிச் சான்றும் சம்பளப் பட்டியலும் ஓடுகிற கணினிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. அந்தப் பக்கத்தை ஒதுக்கச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

எரர் மெசேஜைப் படித்தாலும் ஒன்றும் புரியாது என்று அலுவலகங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. பாதிதான் உண்மை. விண்டோஸில் மென்பொருள் ஏற்றும்போது அடிக்கடி எதிர்ப்படும் 1603 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். நிறுவும்போது பெரும்பிழை நேர்ந்தது என்பதற்கு மேல் அது வாய் திறக்காது. மைக்ரோசாப்ட் இதற்கு நான்கு காரணங்கள் தருகிறது: அதே மென்பொருள் ஏற்கெனவே கணினியில் இருக்கலாம்; ஏற்ற நினைக்கும் ஃபோல்டர் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கலாம்; அந்த டிரைவ் நிஜ டிரைவாக இல்லாமல் வேறொரு ஃபோல்டருக்கு இட்ட மாற்றுப்பெயராக இருக்கலாம்; விண்டோஸின் உள்கணக்குக்கு அந்த ஃபோல்டரில் முழு உரிமை இல்லாதிருக்கலாம். நான்கில் எதற்கும் பார்மட் தேவையில்லை. நான்கில் எது என்று கண்டுபிடிக்கத்தான் நிறுவல் லாக் என்று ஒன்று இருக்கிறது. லாக் வசதியைப் போட்டுவிட்டு இன்னொரு முறை நிறுவினால், செய்த ஒவ்வொரு வேலையையும் அது வரிசையாக எழுதி வைக்கும். அந்தக் கோப்பில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடினால், எந்த இடத்தில் தடுக்கியது என்பது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள சில வரிகளில் கிடைத்துவிடும். விவரமான இன்ஜினியர்கள் செய்வது இதைத்தான். 1618 இன்னும் எளிது. வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடியட்டும் என்பதே அதன் பொருள்; பின்னணியில் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். காத்திருந்தாலோ ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலோ தீரக்கூடியது. 80070005 என்று முடிந்தால் அனுமதி மறுப்பு. எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று வந்தால், விஷுவல் சி பிளஸ் பிளஸ் துணைத் தொகுப்பை மைக்ரோசாப்டே இலவசமாகத் தருகிறது. அந்த ஒற்றைக் கோப்பை முகவரி தெரியாத தளத்திலிருந்து இறக்கிப் போடுகிறவர்கள் எரரோடு வைரஸையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறார்கள்.

ஆனால் எண்ணை மட்டும் குறித்து வைத்தால் போதாது. எரர் வருவதற்கு முன் அந்தக் கணினியில் என்ன நடந்தது என்பதுதான் பாதி விடை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்ற நாளில், பேட்டரி செத்த யுபிஎஸ்ஸை நம்பி ஓடிய கணினி ஓர் அப்டேட்டின் நடுவில் அணைந்திருக்கலாம். அதற்குப் பிறகு எதை ஏற்றினாலும் தகராறு செய்யும். சி டிரைவ் நிரம்பியிருக்கலாம். ஆன்டிவைரஸ் புதிதாக மாற்றப்பட்டிருக்கலாம். இவற்றில் எனக்கு மிகவும் பாடமாகப் படுவது, மதர்போர்டில் நாணயம் போல் உட்கார்ந்திருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோவது. அது தீர்ந்தால் கணினி ஒவ்வொரு காலையும் ஏதோ ஒரு பழைய ஆண்டில் கண் விழிக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் தேதியை வைத்தே செல்லுபடியாவதால், அரசுத் தளம் திறக்காது, டிஜிட்டல் கையொப்பம் விழாது, இணையத்திலிருந்து இறக்கி ஏற்றும் மென்பொருள் பாதியில் நிற்கும். திரையில் வரும் எந்த வாசகமும் பேட்டரியைப் பற்றிப் பேசாது. பார்மட் போட்டால் அன்றைக்குத் தேதியைச் சரிசெய்து விடுவார்கள் என்பதால் பிரச்சினை தீர்ந்தது போலவே தோன்றும். அடுத்த முறை மின் இணைப்பை அணைத்ததும் திரும்பி வரும். 'காலையில் தேதி தப்பாக இருந்தது' என்று இரண்டு முறை எழுதி வைத்த அலுவலகம், மூன்றாவது முறை சில பத்து ரூபாயில் பேட்டரியை மாற்றிவிட்டு வேலையைப் பார்க்கும்.

பதிவு இல்லாத பழுதுபார்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021ஆம் ஆண்டின் பிரின்டர் குழப்பமே சான்று. அந்த ஆண்டின் நடுவில் விண்டோஸின் அச்சு அமைப்பில் 'பிரின்ட் நைட்மேர்' என்று பெயரிடப்பட்ட பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைக்க மைக்ரோசாப்ட் அடுத்தடுத்து அப்டேட்டுகள் விட்டது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து, நெட்வொர்க்கில் உள்ள பிரின்டரின் டிரைவரை ஏற்ற அட்மின் உரிமை வேண்டும் என்று ஆனது. செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு பகிர்ந்த பிரின்டர்களை இணைக்கப்போனால் 11பி என்று முடியும் எரர் வந்தது. ஒரே லேசர் பிரின்டரை ஒரு கணினியில் மாட்டி மற்ற நான்கு கணினிகளுக்குப் பகிர்வது தாலுகா அலுவலகம், கூட்டுறவுக் கடன் சங்கம், ஆடிட்டர் அலுவலகம் எல்லாவற்றிலும் உள்ள ஏற்பாடு. வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் வைத்தியம் பரவியது: ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கு, இல்லையேல் அப்டேட்டையே கழற்று. இரண்டுமே வேலை செய்தன. இரண்டுமே அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்தன. அவசரத்துக்கு அப்படிச் செய்ததைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் ஆள் நிற்கும்போது அச்சு வந்தாக வேண்டும். என் கேள்வி வேறு. எந்தெந்தக் கணினியில் அந்தப் பூஜ்யம் போடப்பட்டது, இன்றும் இருக்கிறதா என்று எந்த அலுவலகத்தால் சொல்ல முடியும்? எழுதி வைத்திருந்தால் நிலைமை சீரான பிறகு பழையபடி மாற்றியிருக்கலாம். எழுதாததால் தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது, அதுவும் யாருக்கும் தெரியாமல்.

பார்மட் இலவசம் என்ற எண்ணமும் தவறு. வானவில் அவ்வையார் எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் அரசு அலுவலகங்களில் குவிந்து கிடக்கின்றன. எழுத்துருவைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டால் அந்தக் கடிதங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் அதற்கு முந்தைய கோப்புகள் அந்த ஆணையால் தாமாக மாறிவிடவில்லை. அடுத்து, டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய டோக்கனின் டிரைவர். விரல்ரேகைக் கருவிக்கான ஆர்டி சர்வீஸ். பிரின்டர், ஸ்கேனர். ஆடிட்டர் அலுவலகமாக இருந்தால் டேலி டேட்டா எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற தேடல். ஒரு எரரைத் தீர்க்கப் போய் ஐந்து மென்பொருள்களை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஐந்தும் புது எரர் தரக்கூடியவை. இடைப்பட்ட நேரத்தில் வேப்பந்தட்டையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ முதல் பட்டதாரிச் சான்றுக்காக வந்த மாணவருக்கு 'சிஸ்டம் ரிப்பேர், நாளைக்கு வாப்பா' என்ற பதில்தான். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் அந்த ஒரு நாள் சாதாரண நாளில்லை.

இந்த இரு மாவட்டங்களைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்ப இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் தொடங்கி ஒவ்வொரு துறைக்கும் மாவட்ட அலுவலகங்கள் இரண்டாயின, கணினிகளும் அப்படியே. மின் மாவட்டத் திட்டத்தைத் தமிழ்நாடு முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் கிருஷ்ணகிரி, கோவை, நீலகிரி, திருவாரூரோடு இவ்விரண்டும் அடக்கம். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, கைவிடப்பட்ட பெண் ஆகிய சான்றுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகம் டிஜிட்டல் கையொப்பம் இடுவதைப் பல பெரிய மாவட்டங்களுக்கு முன்பே பழகியவை இவை. இன்று இரண்டிலும் தலா நான்கு வட்டங்கள். ஓடுவது ஒரே மென்பொருள்கள். குன்னமும் செந்துறையும் அக்கம்பக்கத்து வட்டங்கள். ஆனால் குன்னத்தில் ஒரு டோக்கன் டிரைவர் ஏறாமல் தகராறு செய்து, ஒருவர் மண்டையை உடைத்து வழி கண்டுபிடித்தால், அது செந்துறைக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும் அது இருவருக்கு இடையே இருக்கும் செல்போன் பழக்கத்தால்தான். அதிலொருவர் மாறுதலில் போய்விட்டால் அதுவும் போயிற்று. எட்டு வட்டங்களுக்கும் பொதுவாக ஒரே கோளாறுப் பதிவேடு, அதைப் பராமரிக்க இரு மாவட்டங்களின் மின் மாவட்ட மேலாளர்களும் தேசிய தகவலியல் மையத்தின் மாவட்டப் பிரிவுகளும். புது நியமனமோ புது மென்பொருளோ இதற்குத் தேவையில்லை. ஒரு பகிர்ந்த அட்டவணை போதும்.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். ஏற்கெனவே தன்பதிவேடு, நகர்வுப் பதிவேடு, இருப்புப் பதிவேடு என்று எழுதிக் கை ஓய்ந்தவர்களிடம் இன்னொன்றா? நியாயமான கேள்வி. ஆனால் இது தினமும் எழுதும் பதிவேடு கிடையாது. எரர் வந்த அன்று ஐந்து வரி. திரையைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அதற்கு முன் என்ன மாறியது, யார் என்ன செய்தார், தீர்ந்ததா. பார்மட்டுக்கு ஆகும் அரை நாளோடு ஒப்பிட்டால் இது நேரச் செலவே இல்லை. ஆங்கிலம் தெரியாதே என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. எரர் வாசகம் ஆங்கிலத்தில் வந்ததை வந்தபடியே, ஒரு புள்ளி மாறாமல் வைக்க வேண்டும், ஏனென்றால் தேடுவதற்கு அந்த வாசகமே உதவும். நடந்ததைத் தமிழில், பேச்சுத் தமிழில்கூட எழுதலாம். 'நேத்து கரண்ட் போச்சு, அதுல இருந்து இப்படி' என்ற வரி, ஒரு இன்ஜினியருக்கு இருபது நிமிடத் தேடலை மிச்சப்படுத்தும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஆட்சேபம் இன்னொன்று உண்டு, அதுவே கனமானது. எழுதி வைத்தால் நாளைக்கு அதே எழுத்து நமக்கு எதிராகத் திரும்பும் என்ற பயம். அரசு ஊழியருக்கு ஒழுங்கு நடவடிக்கை விதிகளான 17ஏ, 17பி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 'பென் டிரைவ் போட்டேன், அதற்குப் பிறகு இப்படி ஆனது' என்று உண்மையை எழுதியவருக்கு மெமோ வந்தால், அடுத்த வாரமே பதிவேடு முழுக்க 'தானாகவே பழுதானது' என்ற ஒரே வாசகம் நிரம்பும். ஆகவே இந்தப் பதிவேட்டை ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது என்பது ஆரம்ப ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். இது உலகத்தில் இல்லாத சலுகையும் அல்ல. அமெரிக்காவில் விமானிகளும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளைத் தாங்களே தெரிவிக்கும் ஓர் ஏற்பாடு 1976 முதல் நடக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறை அதைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் நாசாவிடம் நடத்தக் கொடுத்திருக்கிறது. தெரிவிப்பவர் பெயர் நீக்கப்படுகிறது, வேண்டுமென்றே செய்த மீறல்கள், குற்றங்கள், விபத்துகள் போன்றவற்றுக்கு விலக்கு இல்லை. உயிர் போகக்கூடிய துறையிலேயே உண்மையை வாங்க இந்த விலை கொடுக்கிறார்கள் என்றால், பிரின்டர் டிரைவருக்கு நாம் ஏன் தயங்க வேண்டும்? நம் நிர்வாகத்தில் கடினமான பகுதி இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவேடு போடுவது சுலபம். அதைப் பார்த்துக் கோபப்படாமல் இருக்க மேலதிகாரிகளைப் பழக்குவது சுலபமில்லை.

எல்லாம் இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஸ்டாலேஷன் எரருக்குப் பதிவேடா என்று கேட்பவர்களும் உண்டு. ஜிஎஸ்டி முழுக்க இணையத்தில்தான் நடக்கிறது; ஆனால் அதில் டிஜிட்டல் கையொப்பமிட 'எம்சைனர்' என்ற சிறு மென்பொருள் உங்கள் கணினியில் ஓட வேண்டும். ஆதார் விரல்ரேகைக்கு 2017 முதல் பதிவு பெற்ற கருவிதான் செல்லும், அதற்கான ஆர்டி சர்வீஸும் கணினியிலேயே இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் எதிர்ப்படும் சங்கடங்களில் பெரும்பகுதி இந்த ஓரத்தில்தான், தளமும் கருவியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில். இணையமே எரரை உண்டாக்கிய வரலாறும் இருக்கிறது. டெண்டர் தளங்களில் கையொப்பமிட உலாவிக்குள் ஜாவா ஓட வேண்டியிருந்தது. குரோம் அதற்கான வழியை 2015 செப்டம்பரில் அடைத்தது, ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில். தளங்கள் மாறும் வரை அலுவலகங்கள் பழைய உலாவியை அப்டேட் ஆகாமல் கட்டிப்போட்டு ஓட்டின. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சொல்லிவிடுமே என்றால், கேட்கலாம். ஆனால் அதற்கும் முழு வாசகமும் பதிப்பும் முன்கதையும் தேவை. அவை இல்லாமல் கேட்டால் வேறு யாருடைய கணினிக்கோ உரிய வைத்தியத்தைத் தன்னம்பிக்கையோடு எடுத்துக் கொடுக்கும்.

எரரைப் போலவே எழுதி வைக்க வேண்டிய இன்னொன்று அட்மின் பாஸ்வேர்டு. அது யாரிடம் இருப்பது என்பதில் பாதுகாப்புக்காரர்கள் சொல்வதோடு நான் முரண்படவில்லை. எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. 2017 மே மாதம் 'வான்னாகிரை' நூற்றைம்பது நாடுகளில் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. அதை ஏற்றாமல் விட்ட கணினிகளே மாட்டிக்கொண்டன. அட்மின் உரிமை எல்லோர் கையிலும் இருக்கும் அலுவலகத்தில் அப்டேட்டை நிறுத்துவதும் கிராக் மென்பொருள் ஏற்றுவதும் தடையின்றி நடக்கும். ஆனால் இன்று பல அலுவலகங்களில் பாஸ்வேர்டு ஏஎம்சிக்காரரிடம் மட்டும் இருக்கிறது, அல்லது யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இதை எப்படிப் பாதுகாப்பு என்பது? அலுவலகத்துக்கு ஒருவர், அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாத தனிக் கணக்கு, பாஸ்வேர்டின் பிரதி உறையிலிட்டு அலுவலகத் தலைவரிடம். குறியாக்கச் சாவிகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகளை முடக்கியது; நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு சின்னது: சேஃப் மோடில் திறந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் பிட்லாக்கர் குறியாக்கம் போட்ட கணினிகளை அப்படித் திறக்க அதன் மீட்புச் சாவி கேட்டது. சாவியை எங்கே எழுதி வைத்தோம் என்று தெரியாதவர்களே அதிகம் திண்டாடினார்கள்.

இப்போது இதைப் பேச அவசரக் காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் புதிய தலைமுறை பிராசஸரும் பழைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே சில கணினிகள் மாற்றப்படும், சில மேம்படுத்தப்படும், சில பழையபடியே ஓடும். மூன்று வகையும் ஒரே மேசை வரிசையில் இருக்கப்போகின்றன. டோக்கன், விரல்ரேகைக் கருவி, பிரின்டர் எல்லாவற்றின் டிரைவர்களும் மறுபடி ஏற வேண்டும். இந்த மாற்றத்தின் முதல் இரண்டு மாதங்களில் எட்டு வட்டங்களிலும் வரும் எரர்களை எழுதி வைத்தாலே, மற்ற மாவட்டங்களுக்குக் கொடுக்கக்கூடிய கையேடு ஒன்று தயாராகிவிடும். தனியார் அலுவலகங்களும், அரியலூரின் சிமென்ட் ஆலைகளைச் சுற்றியுள்ள லாரி புக்கிங் அலுவலகங்கள் உட்பட, இதற்கு அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

அரசுத் தரப்பில் தொடங்க எளிய இடம் ஏஎம்சி ஒப்பந்தம். நிதியாண்டு தொடக்கத்தில் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: பார்மட் போடுவதற்கு முன் எரரின் முழு வாசகமும், நிறுவல் லாக்கின் பிரதியும், பார்மட் தவிர வேறு என்ன முயன்றார் என்பதும் பதிவேட்டில் ஏற வேண்டும், ஏறாத சர்வீஸ் ரிப்போர்ட்டில் அலுவலர் கையெழுத்துப் போடக் கூடாது, கையெழுத்தில்லாத ரிப்போர்ட்டுக்குப் பில் பாஸ் ஆகக் கூடாது.